1500 மணித்தியாலத்துக்குள் என்ன இருக்கிறது

“வேலைக்குச் சேரணும்னா முன்னாடியே 1500 மணித்தியாலம் பறந்திருக்கணுமாம். வேலையே குடுக்காம எப்படி மாமா பறக்குறது?”

கேட்டவள் மேல் லயத்துப் பிள்ளை. உயர்தரத்தில் கணிதப் பிரிவு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறாள். வானத்தில் சத்தம் கேட்டால் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலுக்கு ஓடுகிறவள். அன்றைக்கு அவளுடைய அம்மாயியும் கூட வந்திருந்தார். முப்பத்தைந்து வருடம் கொழுந்து எடுத்தவர். பேத்தி கைப்பேசியில் ஒரு வேலை அறிவிப்பைக் காட்ட, அம்மாயி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘ஆகாது என்று நீயாவது சொல்லிவிடு’ என்று கேட்கிற பார்வை அது.

கொஸ்லந்தவில் பின்னேர மழை விட்டபிறகு வெல்லவாய பக்கத்துத் தாழ்நிலம் கழுவி வைத்த மாதிரித் தெரியும். இஞ்சி தட்டிப்போட்டுத் தேத்தண்ணி ஊற்றிவிட்டு உட்கார்ந்தேன். நான் விமானி இல்லை. வளைகுடா நாடொன்றில், ஒரு விமான நிறுவனத்தின் பணியாளர் பதிவேட்டுப் பிரிவில் 19 வருடம் இருந்தவன். வேலை கேட்டு வருகிற விமானிகளின் லொக் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் பார்த்து, கூட்டல் சரியா, ஒரு நிரலும் இன்னொரு நிரலும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பதுதான் என் வேலை. ஆயிரக்கணக்கான பக்கங்களைப் பார்த்ததில் எனக்குப் புரிந்ததை அவர்களுக்குச் சொன்னேன். நம் தோட்டப் பிள்ளைகளில் இன்னும் சிலருக்கும் இதே கேள்வி இருக்கும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த 1500 எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு என்று ஐக்கிய நாடுகள் சபையின் கீழ் ஓர் அமைப்பு உண்டு. விமானி உரிமத்துக்கு உலகம் முழுவதற்கும் குறைந்தபட்ச அளவுகளை வகுத்திருப்பது அதுதான். தனக்காக மட்டும் பறக்கும் தனியார் உரிமத்துக்கு 40 மணித்தியாலம். சம்பளத்துக்குப் பறக்க உதவும் வணிக உரிமத்துக்கு 200. அங்கீகாரம் பெற்ற பள்ளியில் இடைவிடாமல் ஒரே பாடத்திட்டமாகப் படித்தால் இது 150 ஆகக் குறையும். பெரிய பயணிகள் விமானத்துக்குக் கப்டனாக வேண்டுமென்றால் 1500. அந்த உரிமத்துக்கு வயதும் 21 ஆகியிருக்க வேண்டும்.

ஆகவே 1500 என்பது கப்டன் உட்காரும் இடது பக்க ஆசனத்தின் எண். வலது பக்கத்தில் உட்காரும் துணை விமானிக்கு, இலங்கையிலும் இந்தியாவிலும் ஐரோப்பாவிலும், சட்டப்படி வணிக உரிமமும் அந்தந்த விமான வகைக்கான தகுதியும் போதும். இந்தியாவின் இண்டிகோவும் ஐரோப்பாவின் ரயன்எயாரும் 200 மணித்தியாலம் சொச்சம் பறந்த இளைஞர்களை எடுத்துத் தாங்களே பயிற்றுவித்து வலது ஆசனத்தில் உட்கார வைக்கின்றன. பிள்ளை காட்டிய அறிவிப்பு அப்படிப்பட்டது அல்ல. பயிற்சிக்குச் செலவழிக்க விரும்பாமல், ஆயத்தமான ஆளைத் தேடும் அறிவிப்பு. “இது உனக்கு எழுதினதில்லம்மா, ஏற்கெனவே பறக்கிறவங்களுக்கு எழுதினது” என்றேன். முகம் கொஞ்சம் தெளிந்தது.

“அப்ப 200 மணித்தியாலம் பறந்தா எடுத்துக்குவாங்களா?”

அப்படியும் இல்லை. இந்த இடத்தில் நிதானமாகக் கேட்கச் சொன்னேன்.

மணித்தியாலம் என்பது ஒரு கூட்டுத்தொகை. தோட்டத்துச் செக்ரோலை நினைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் இத்தனை பேர், அதாவது இத்தனை நாள் சம்பளம், என்று விழுந்திருக்கும். எந்த மலையில் எடுத்தது, வெயிலா மழையா, கொழுந்தா முத்தலா என்பது அந்த எண்ணில் தெரியாது. கூடையைப் பார்த்த கணக்கப்பிள்ளைக்குத்தான் தெரியும். அம்மாயி தலையாட்டினார். அரைப்பேர் விழுந்த நாட்கள் அவருக்கு நினைவு வந்திருக்கும்.

விமானியின் லொக் புத்தகம் செக்ரோலை விட நேர்மையான புத்தகம். கூடைக்குள் இருந்ததையும் எழுதச் சொல்கிறது. ஒரு பறப்புக்கு ஒரு வரி. திகதி, விமான வகை, அதன் பதிவு எழுத்துகள், எங்கிருந்து எங்கே, புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம். அதற்குப் பிறகு வரும் நிரல்களைத்தான் நிறுவனம் உற்றுப் பார்க்கும். விமானத்தின் முழுப் பொறுப்பும் தன்னிடம் இருந்ததா, துணை விமானியாக இருந்தாரா, பயிற்சியாளர் பக்கத்தில் இருந்தாரா? பகலா இரவா? ஓர் எஞ்சினா இரண்டா? வெளியே எதுவும் தெரியாமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறந்த நேரம் எவ்வளவு? எத்தனை முறை இறங்கினார்? நிலத்தில் நிற்கும் சிமியுலேட்டரில் கழித்த நேரம் தனி நிரலில் வரும். அதைப் பறப்போடு கூட்டிவிட்டால் பிடிபடுவார்கள்.

ஒரு மணித்தியாலம் எப்போது தொடங்குகிறது என்பதுகூட எல்லோரும் நினைக்கிற மாதிரி இல்லை. சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும்போது அல்ல. பறப்பதற்காக விமானம் நின்ற இடத்திலிருந்து முதல் அசைவு அசைந்ததிலிருந்து, கடைசியில் வந்து நிற்கும் வரை எல்லாம் பறப்பு நேரம். நெரிசலான விமான நிலையத்தில் ஓடுபாதைக்காக முக்கால் மணித்தியாலம் வரிசையில் நின்றாலும் அது கணக்கில் சேரும். விமானப்படையிலோ பல இடங்களில் வானத்தில் இருந்த நேரத்தை மட்டும் எழுதுவார்கள். அதனால்தான் சில நிறுவனங்கள், குறிப்பாக அமெரிக்காவில், படையிலிருந்து வருகிறவர்களுக்கு ஒவ்வொரு பறப்புக்கும் பதினைந்து நிமிடத்துக்கு அருகே கூட்டிக் கொடுத்து ஈடு செய்கின்றன.

“ஆயிரம்னா ஆயிரம்தானே மாமா, எங்க பறந்தா என்ன?” என்றாள்.

பெரகலயிலிருந்து கொஸ்லந்த வழியாக வெல்லவாய போகிற பஸ் சாரதியை நினைத்துப் பார் என்றேன். பனி இறங்கினால் முன்னால் போகிற லொறியின் பின்விளக்குகூடத் தெரியாது. ஒவ்வொரு வளைவிலும் கியர் மாற்ற வேண்டும். மண் சரிந்த இடத்தில் ஒற்றைப் பாதையில் நகர வேண்டும். தெற்கு அதிவேக வீதியில் அதே ஆயிரம் மணித்தியாலம் ஓட்டிய இன்னொரு சாரதி இருக்கிறார். இரண்டும் ஆயிரம்தான். தியலும நீர்வீழ்ச்சிக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா அனுப்பினால் யாரிடம் அனுப்புவோம்? அதே நேரம், கொழும்பிலிருந்து மாத்தறைக்கு இரவில் மணித்தியாலத்துக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் போக வேண்டுமென்றால் நம் ஊர்ச் சாரதிக்கும் கொஞ்சம் பழக்கம் தேவைப்படும். விமான நிறுவனம் கேட்பதும் இதுதான்: எங்களிடம் இருக்கும் வேலைக்கு உன் மணித்தியாலம் எவ்வளவு பக்கம்?

மாலைதீவில் மிதவை விமானம் ஓட்டுகிறவர்களின் புத்தகம் எனக்கு மிகவும் பிடிக்கும். தீவுக்குத் தீவு பத்து, இருபது நிமிடப் பறப்புகள். ஒரே நாளில் பத்துப் பதினைந்து முறை கடலில் இறங்கி ஏறுவார்கள். காற்றையும் அலையையும் கண்ணால் பார்த்துக் கையால் ஓட்டுகிற வேலை. ஆயிரம் மணித்தியாலம் முடிவதற்குள் சில ஆயிரம் தரையிறக்கங்கள் சேர்ந்துவிடும். ஆனால் மிதவை விமானம் பகலில்தான் பறக்கும். இரவு நிரல் மெலிந்திருக்கும், கருவி நிரலும் மெலிந்திருக்கும். எயார்பஸ் நிறுவனம் அந்தப் புத்தகத்தைப் பார்த்தால் கை உறுதியானது என்று மகிழும், முகிலுக்குள் இவர் எப்படி என்று யோசிக்கும்.

இதற்கு நேர் எதிரானது நீண்டதூர விமானத்தின் புத்தகம். ஒரு பறப்பு பன்னிரண்டு மணித்தியாலம். இறங்குவது ஒரே முறை, அதுவும் மூன்று, நான்கு பேரில் ஒருவர்தான் இறக்குவார். சில நிறுவனங்களில் நடுவழியில் மட்டும் ஆசனத்தில் இருக்கும் இளநிலை விமானிகள் உண்டு. அவர்களுடைய மொத்த மணித்தியாலம் வேகமாக ஏறும், தரையிறக்க நிரல் அசையாமல் நிற்கும். போர் விமானியின் பறப்போ ஒரு மணித்தியாலத்தைத் தாண்டுவது அரிது. அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் அவர் செய்வது ஏராளம். ஆனால் இன்னொருவரோடு விமானி அறையைப் பகிர்ந்து, பேசி, சரிபார்த்துப் பறப்பது அவருக்குப் புதிது. மூன்று பேரிடமும் 1500 என்று எழுதியிருந்தாலும் மூவரும் மூன்று வேறு ஆட்கள்.

கடைசியாக ஒன்றையும் பார்ப்பார்கள். கடந்த பன்னிரண்டு மாதத்தில் எவ்வளவு பறந்தார் என்பது. பயணிகளை ஏற்றும் கப்டன் கடைசி 90 நாட்களுக்குள் மூன்று முறையாவது ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அது விட்டுப்போனால் சிமியுலேட்டரில் சரிசெய்த பிறகே பறக்கலாம். கொரோனா காலத்தில் 6000, 7000 மணித்தியாலக்காரர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். திரும்ப வந்தபோது எவ்வளவு பறந்தீர்கள் என்று யாரும் முதலில் கேட்கவில்லை, எப்போது கடைசியாகப் பறந்தீர்கள் என்றுதான் கேட்டார்கள். கத்தி பிடித்துக் கவாத்து வெட்டுகிற கை இரண்டு வருடம் சும்மா இருந்தால் என்ன ஆகும் என்று அம்மாயிக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிள்ளை அடுத்துக் கேட்டது கூர்மையான கேள்வி. “அமெரிக்காவுல மட்டும் துணை விமானிக்கும் 1500 கேக்குறாங்களாமே, ஏன்?”

அதற்கு ஒரு விபத்தின் கதை உண்டு. 2009 பெப்ரவரி 12 இரவு, நியூவார்க்கிலிருந்து பஃபலோவுக்குப் போன கொல்கன் எயார் விமானம், இறங்கும் நேரத்தில் வேகம் குறைந்து விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், விழுந்த வீட்டில் ஒருவரும் இறந்தார்கள். வேகம் குறைகிறது என்று கட்டுப்பாட்டுத் தண்டு கையில் நடுங்கி எச்சரித்தது. அப்போது தண்டை முன்னால் தள்ளி மூக்கைத் தாழ்த்த வேண்டும். கப்டன் பின்னால் இழுத்தார். இறந்தவர்களின் குடும்பத்தினர் விடாமல் போராடினார்கள். 2010இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. 2013இலிருந்து அங்கே துணை விமானிக்கும் 1500 கட்டாயமானது. படையிலிருந்து வருகிறவர்களுக்கு 750, விமானத்துறையில் பட்டம் பெற்றவர்களுக்கு 1000 என்று சலுகையும் வைத்தார்கள்.

நான் பிள்ளையிடம் நிறுத்திச் சொன்னது இதை: அந்தக் கப்டனிடம் 3300 மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. துணை விமானியிடம் 2200க்கு மேல் இருந்தது. 1500 விதி அன்றைக்கே இருந்திருந்தாலும் இரண்டு பேரும் அதே ஆசனங்களில்தான் உட்கார்ந்திருப்பார்கள். விசாரணையில் வெளிவந்தவை வேறு. கப்டன் முன்பு பல பறப்புச் சோதனைகளில் தவறியிருந்தார், அவற்றில் சில வேலைக்கு எடுத்த நிறுவனத்துக்குத் தெரியாது. அந்த விமான வகையில் அவருடைய அனுபவம் 110 மணித்தியாலம் சொச்சம். துணை விமானி முந்தின இரவு நாட்டின் மறுகரையிலிருந்து சரக்கு விமானத்தில் வந்து, சரியாகத் தூங்காமல் வேலைக்கு ஏறியிருந்தார்.

என் கருத்தில் அமெரிக்கச் சட்டத்தின் உண்மையான பயன் 1500இல் இல்லை. விமானி எந்தச் சோதனையில் தவறினார் என்பதை ஒரு பொதுப் பதிவேட்டில் வைத்து, வேலைக்கு எடுக்கும் நிறுவனம் அதைப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஆக்கியதில்தான் இருக்கிறது. 1500ஐ நிரப்ப அங்குள்ள இளைஞர்கள் சிறிய செஸ்னாவில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தோ, விளம்பரத் துணியை இழுத்துப் பறந்தோ மணித்தியாலம் சேர்க்கிறார்கள். சொல்லிக்கொடுப்பதில் நல்ல பாடம் உண்டு, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கடற்கரை மேலே நல்ல வெயிலில் துணியை இழுத்துக்கொண்டு சுற்றிய ஐந்நூறாவது மணித்தியாலம், முகிலுக்குள் ஜெட் விமானத்தை இறக்கும் கையை வளர்க்காது.

அதே 2009இல், ஜனவரி 15, நியூயோர்க்கில் இன்னொன்று நடந்தது. பறவைகள் மோதி இரண்டு எஞ்சினும் நின்ற எயார்பஸ் விமானத்தைக் கப்டன் சலன்பேகர் ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். அவரிடம் 19,000 மணித்தியாலத்துக்கு மேல் இருந்ததை எல்லோரும் எழுதினார்கள். பக்கத்தில் இருந்த துணை விமானி ஜெஃப் ஸ்கைல்ஸ் பற்றிக் குறைவாகவே எழுதினார்கள். அவரிடம் 15,000க்கு மேல் இருந்தது, ஆனால் அந்த எயார்பஸ் வகையில் வெறும் 37 மணித்தியாலம். அன்றைக்கு விமானத்தைக் கிளப்பியவரும் அவர்தான். எஞ்சின் நின்றவுடன் கப்டன் கட்டுப்பாட்டை எடுத்தார், ஸ்கைல்ஸ் சரிபார்ப்புப் பட்டியலைத் திறந்து எஞ்சினை மறுபடி இயக்கும் வழிகளை வரிசையாகச் செய்யத் தொடங்கினார். புதிய விமானத்தில் 37 மணித்தியாலம் இருந்தும் அவரால் அது முடிந்ததற்கு அடியில் பழைய 15,000 கிடந்தது. விமான வகை மாறினாலும் ஒழுங்கு மாறாது. மொத்த மணித்தியாலத்தையும் வகை மணித்தியாலத்தையும் நிறுவனங்கள் தனித்தனியாகப் பார்ப்பது இதனால்தான். இரண்டு பேருமே வகைக்குப் புதியவர்களாக ஒரே அறையில் உட்கார அமெரிக்க விதி இடம் கொடுப்பதில்லை. ஒருவரிடமாவது அந்த வகையில் 75 மணித்தியாலம் இருக்க வேண்டும்.

இதுவரை பேசாமல் இருந்த அம்மாயி அப்போதுதான் வாய் திறந்தார். “எல்லாம் சரி சாமி. நான் நோட்டன் பக்கத்துல புள்ளையா இருக்கையில ஏழு கன்னி மலையில விழுந்துச்சே. அதையும் படிச்சவுங்கதானே ஓட்டுனாங்க?”

அவர் மனதில் இருந்த பயம் அதுதான். 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றி வந்த மார்ட்டின்எயார் டிசி-8 விமானம், கட்டுநாயக்காவில் இறங்கத் தாழ்ந்து வரும்போது அந்த மலையில் மோதியது. இருந்த 191 பேரும் இறந்தார்கள். விமான நிலையத்திலிருந்து தாங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதை விமானிகள் தவறாகக் கணித்தார்கள், மலை இன்னும் கீழே இருக்கும்போதே இறங்கத் தொடங்கிவிட்டார்கள் என்பது விசாரணையின் முடிவு. அம்மாயியிடம் நான் பொய்யாக எதையும் சொல்லித் தேற்றவில்லை. ஆமாம், படித்தவர்கள்தான். அன்றைக்கு இடத்தைக் காட்டிய கருவிகள் ஊகத்துக்கு இடம் விட்டன. இன்றைக்கு நிலம் நெருங்கினால் குரல் கொடுத்து எச்சரிக்கும் கருவி பயணிகள் ஜெட் எல்லாவற்றிலும் இருக்கிறது. லொக் புத்தகத்தில் ‘கருவி’ என்ற நிரலை நான் ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்பது அந்த மலையை நினைத்தால் புரியும். இருட்டில், முகிலில், எண்களை மட்டும் பார்த்து, நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்து வைத்திருப்பது தனிக் கலை.

இன்னொன்றையும் சொன்னேன். 2010 மே 22, மங்களூர். துபாயிலிருந்து வந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். கப்டனிடம் 10,000 மணித்தியாலத்துக்கு மேல். துணை விமானியிடம் 3600 சொச்சம். விமானம் மிக உயரத்தில் வருகிறது, இறக்க வேண்டாம், திரும்ப ஏறுவோம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னது குரல் பதிவில் இருக்கிறது. கப்டன் கேட்கவில்லை. அவர் வழியில் நெடுநேரம் தூங்கியிருந்ததும் அதே பதிவில் தெரிந்தது.

இதைக் கேட்டதும் பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப மூணாவது தடவ அவரே புடுங்கி ஏத்தியிருக்கணுமா?” என்றாள். இதே கேள்வியைத்தான் இன்றைக்கு நிறுவனங்கள் நேர்முகத்தில் வேறு வேறு வடிவத்தில் கேட்கின்றன. உன்னை விட மூத்தவர் தவறு செய்கிறார், என்ன செய்வாய்? மரியாதையோடு சொல்லத் தெரியுமா? சொல்லியும் கேட்காவிட்டால்? பெரியவர்கள் முன்னால் வாய் திறக்காதே என்று வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகளுக்கு, துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் தலை குனிந்தே நான்கு தலைமுறை கழித்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, இது பறப்பை விடக் கடினமான பாடம். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சிமியுலேட்டர் சோதனையில் அருமையாக ஓட்டிய பையன்கள், கப்டன் வேண்டுமென்றே செய்த தவறைச் சுட்டிக்காட்டாமல் விட்டதற்காகத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் கவனிக்காமல் இல்லை. சொல்லக் கூச்சப்பட்டார்கள்.

ஆகவே நடைமுறையில் நடப்பது இப்படி. மணித்தியால எண் விண்ணப்பங்களைச் சலிக்கும் சல்லடை. அந்தச் சல்லடையைத் தாண்டியவர்களுக்கு எழுத்துத் தேர்வு, மனநிலைத் தேர்வு, குழுவாக ஒரு சிக்கலைத் தீர்க்கும் பயிற்சி, சிமியுலேட்டர், நேர்முகம். சிமியுலேட்டரில் ஒரு பக்குவமான பரிசோதகர் பத்து நிமிடத்தில் லொக் புத்தகம் மெய்யா என்று கண்டுபிடித்துவிடுவார். பொய்யான மணித்தியாலம் உலகில் இல்லாமல் இல்லை. 2011இல் இந்தியாவில் போலி மதிப்பெண் சான்றோடு உரிமம் வாங்கிய விமானிகள் கைதானார்கள். 2020 ஜூனில், கராச்சியில் நடந்த விமான விபத்துக்குப் பிறகு, 262 விமானிகளின் உரிமங்கள் சந்தேகத்துக்குரியவை என்று பாகிஸ்தான் அமைச்சர் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். அந்த ஒரு பேச்சால் ஒழுங்காகப் படித்த பாகிஸ்தான் விமானிகளும் பல நாடுகளில் வேலையிலிருந்து இறக்கி வைக்கப்பட்டார்கள். “அரை மணித்தியாலம் பறந்தா அரைன்னுதான் எழுதணும். முக்கால்னு எழுதாத” என்று அவளிடம் இரண்டு முறை சொன்னேன்.

பிறகு காசு. இதைச் சொல்லாமல் விமானிக் கனவைப் பற்றி எழுதுவது பாவம். விமான எரிபொருளும் உதிரிப்பாகங்களும் டொலரில் வருகின்றன. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது பயிற்சிக் கட்டணமும் ஏறியது. இன்றைக்கு வணிக உரிமம் வரை போக ஒரு கோடி ரூபாயைச் சுற்றிப் பேசுகிறார்கள். 2024இல் வர்த்தமானியில் வந்த 1350 ரூபாய் நாட்சம்பளத்தில் கணக்குப் போட்டால் அது 7400 நாள் வேலை. மாதம் 25 நாள் வேலை கிடைத்தாலும் 24 வருடத்துக்கு மேல். அம்மாயி எடுத்த கொழுந்தில் பெரும்பங்கு.

அந்த 200 மணித்தியாலம் முடிந்ததும் வேலை தயாராக நிற்காது. உரிமம் கையில் இருந்தும் வருடக்கணக்கில் காத்திருக்கிறவர்களை நான் அறிவேன். வேலையில் சேர்ந்துவிட்டால் மணித்தியாலம் தானாக ஏறும். வருடத்துக்கு 900, 1000க்கு மேல் பறக்கத்தான் சட்டம் விடாது. 200க்கும் முதல் வேலைக்கும் நடுவில் இருக்கும் பள்ளம்தான் ஆழமானது. அதைச் சிலர் இரத்மலானைப் பறப்புப் பள்ளிகளில் பயிற்சியாளராகித் தாண்டுகிறார்கள், சிலர் மாலைதீவுக்குப் போகிறார்கள், சிலர் நிறுவனங்களின் பயிற்சி விமானித் திட்டங்களில் ஒப்பந்தம் போட்டுச் சேர்கிறார்கள். காசில்லாமல் போகும் வழி ஒன்று உண்டு, அது விமானப்படை. அங்கே பயிற்சிக்குக் கட்டணம் இல்லை, சம்பளம் தருவார்கள், திருகோணமலை சீனக்குடாவில் பறக்கக் கற்பிப்பார்கள். ஆனால் பல வருடம் சேவையில் இருக்க வேண்டும், தேர்வும் கடுமை. நம் வீடுகள் எல்லாவற்றிலும் அந்தப் பேச்சு சுலபமாக எடுபடாது என்பதும் எனக்குத் தெரியும். முடிவு அந்தந்தக் குடும்பத்தினுடையது.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இலங்கையிலிருந்து பல விமானிகள் வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் போய்விட்டார்கள். ஒரு கப்டன் போகும்போது அவருடைய எட்டாயிரம், பத்தாயிரம் மணித்தியாலமும் அவரோடு போகிறது. அதை நாளைக்கே விளைவிக்க முடியாது. தேயிலைக் கன்று நட்டால் கொழுந்தெடுக்க சில வருடம் காத்திருக்கிற மாதிரி, இன்று 200 மணித்தியாலக்காரரை எடுத்து வளர்த்தால்தான் ஆறேழு வருடத்தில் கப்டன் கிடைப்பார். புதியவர்களுக்கு வாசலைச் சாத்தும் நிறுவனம் தன் அடுத்த கப்டன்களைத் தானே இழக்கிறது. இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆங்கிலத்தையும் சொல்லிவிடுகிறேன். 2008 மார்ச்சிலிருந்து சர்வதேசப் பறப்பில் இருக்கும் விமானிக்கு ஆங்கிலப் பேச்சில் ஆறு நிலைகளில் நான்காவதாவது இருக்க வேண்டும். இலக்கணப் பரீட்சை அல்ல அது. எதிர்பாராதது நடக்கும்போது தெளிவாகச் சொல்லவும், மறுமுனையில் சொல்வதைப் புரிந்துகொள்ளவும் முடிகிறதா என்று பார்ப்பது. ஊவாத் தோட்டப் பாடசாலைகளில் கணித ஆசிரியர் கிடைப்பதே பெரும்பாடு என்பதை மறக்காமல்தான் இதைச் சொல்கிறேன். முடிவு வரும் வரை இருக்கும் இந்த மாதங்களில் பிள்ளை செய்யக்கூடிய, காசு செலவில்லாத வேலை இதுவே.

தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. எழுந்தபோது அம்மாயி தயங்கி, “கண்ணாடி போட்டிருக்காளே, எடுப்பாங்களா?” என்று கேட்டார். இத்தனை நேரம் அதைத்தான் மனதில் வைத்திருந்திருக்கிறார். கண்ணாடி தடையில்லை. கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணும் 6/9 அளவுக்கும், இரண்டும் சேர்ந்து 6/6 அளவுக்கும் தெரிந்தால் பயணிகள் விமானத்துக்குப் போதும். விமானப்படையின் அளவு இதைவிடக் கடுமை. நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்தால், காது, இதயம், சர்க்கரை ஆகியவற்றில் சிக்கல் இருந்தால் அப்போதுதான் யோசிக்க வேண்டும். சிவில் விமான சேவைகள் அதிகார சபை அங்கீகரித்த வைத்தியரிடம் முதலாம் வகுப்பு மருத்துவச் சான்று எடுக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஒரு மணித்தியாலமும் வேலைக்கு உதவாது.

காணியை ஈடு வைத்து, நகையை அடகு வைத்து முதல் தவணையைக் கட்டிவிட்டு, அதற்குப் பிறகு நிறக்குருடு என்று தெரிந்துகொண்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். பிள்ளையை விமானியாக்க நினைக்கும் பெற்றோரிடம் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான்: எந்தப் பள்ளி எவ்வளவு இனிக்கப் பேசினாலும், மருத்துவச் சான்று கைக்கு வரும் வரை ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.